பழைய பெட்டியும் இருபதாயிரம் ரூபாயும்

இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது, பஜனை மடத்தில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுவது போல என்று நண்பர்களில் சிலர் நினைக்கக்கூடும். நினைக்கட்டும். நான் வங்கியில் குமாஸ்தா. மாலை ஆறு மணிக்குமேல் விமர்சனம் எழுதுகிறேன். எழுதும் அதே பெட்டியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டும் ஆடுகிறேன். முதல் இரண்டையும் பற்றி இங்கே பேசியாகிவிட்டது. மூன்றாவதைப் பற்றிப் பேசாமலிருந்தது ஒருவகைப் பாசாங்குதான் என்று இப்போது தோன்றுகிறது.

பெட்டியை 2015இல் நாகர்கோவிலில் வாங்கினோம். ‘வாங்கினோம்’ என்பது நானும் தம்பியும். எனக்கு அப்போது வேலை கிடைத்து முதல் வருஷம். தம்பி பொறியியல் கல்லூரியில் இருந்தான். என் சம்பளம், அவனுடைய ஆராய்ச்சி. இன்டெல் ஐ5-4460 பிராஸஸர், ஹெச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே துண்டாக, ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அந்த விலைக்கு அதைவிட நல்ல சேர்க்கை அன்று கிடையாது என்று அவன் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா ஒரு நாள் வந்து பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே விசிறி சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள காத்தாடி எதுக்குல?” என்று கேட்டார்.

2017இல் தம்பி துபாய்க்குப் போனான். 2018இல் அப்பா இறந்தார். 2019இல் வீட்டை விற்றோம். ஓட்டு வீடு. தெற்குப் பக்கச் சுவரில் வெடிப்பு. கூரையில் இரண்டு உத்திரங்களை மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு இருக்கலாம் என்றேன் நான். இன்றைக்கு உத்திரம், நாளைக்குச் சுவர், அப்புறம் தரை, நீ பழுது பார்த்தே செத்துப்போவாய் என்றான் அவன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொன்னது சரி. வாங்கியவர் இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டினார். அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சுகள் எங்கே தொடங்கினாலும் வீட்டில் போய் முடிந்தன. ஆகவே மெல்ல நின்றன. நிற்காமலிருந்தது வெள்ளிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான். ஆட்டத்தில் ‘இடப்பக்கம் ஒருத்தன்’, ‘புகை போடு’, ‘நான் செத்தேன்’ என்பவை போதும். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ‘சாப்பிட்டியா’ என்றும் ஒன்று விழும்.

2022இல் எனக்குக் காயல்பட்டினத்துக்கு மாற்றலாயிற்று. இங்கே பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணமானபின் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். ஒவ்வொரு மகளுக்கும் வீட்டைப் பகுத்தோ, ஒட்டிக் கட்டியோ, மாடி எழுப்பியோ கொடுக்கிறார்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீடே அப்படி மூன்று காலங்களில் வளர்ந்த வீடு. முன்கூடத்தின் தரை ஒரு மட்டம், அடுத்த கட்டு இன்னொரு மட்டம். இரவில் தண்ணீர் குடிக்கப் போகிறவன் கால் தடுக்கித்தான் இவ்வூர்க் குடும்ப வரலாற்றை அறிகிறான். வீட்டுக்காரர் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரத்தில் இருந்து திரும்பியவர். இந்த வீட்டை ஏன் ஒரேயடியாக இடித்துக் கட்டவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். “இடிச்சா அந்த ஆறு மாசம் பொம்புளையொ எங்க இருப்பாக?” என்றார். இத்தனை எளிய காரணம் 2019இல் எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

*

பெட்டிக்கு முதல் அடி 2023 செப்டம்பரில் விழுந்தது. நாங்கள் ஆடிவந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பழைய வடிவத்தை எடுத்துவிட்டு அதன் இடத்திலேயே கவுண்டர்-ஸ்ட்ரைக் 2ஐ வைத்தார்கள். பழையதையே ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. புதிய ஆட்டத்தில் புகை நிஜப் புகை மாதிரி கன பரிமாணத்தோடு பரவுகிறது, குண்டு பாய்ந்தால் விலகி வழிவிடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெட்டியில் புகை எழும்பும்போதெல்லாம் உலகம் உறைந்துவிடும். மீண்டும் அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். தம்பி முதலில் சிரித்தான். பிறகு அவனுடைய நண்பர்கள் இருவர் ஆட்டத்தில் சேர்ந்தபோது, “அண்ணே, நீ இன்னிக்கு இருந்துக்கோ” என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இரண்டாவது அடி, டிசம்பர் 17. அந்த மழையைப் பற்றித் தமிழ்நாடே படித்திருக்கும். 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு வருஷத்தில் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதும் அன்றுதான். எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது நான் புத்தகங்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். முதலில் எதை எடுத்தேன் என்று இங்கே எழுதினால் உயிரோடிருக்கும் சில கவிஞர்கள் வருத்தப்படுவார்கள். மேஜைக்குக் கீழே தரையில் இருந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தபோது அதில் ஒரு சாண் தண்ணீர் ஏறியிருந்தது. மின்சாரம் முன்பே போயிருந்தது. பெட்டியை ஓரளவு காப்பாற்றியது அதுதான்.

மூன்று நாட்கள் போன் இல்லை. நாலாம் நாள் தம்பியின் அழைப்பு கிடைத்தது. என் குரலைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு. அடுத்த கேள்வி, “பெட்டி?”

*

ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் காக்கா ஒருவர் இருக்கிறார். அந்த வாரம் அவர் கடைக்கு முன்னால் சேறு படிந்த பெட்டிகள் சாகக் கிடப்பவர்கள் போல வரிசையில் இருந்தன. அவர் என் பெட்டியைத் திறந்து பார்த்து இரண்டே வாக்கியங்களில் தீர்ப்பு சொன்னார். மேலே இருப்பதெல்லாம் பிழைக்கும். கீழே இருப்பதெல்லாம் போச்சு.

கீழே இருந்தவை இரண்டு. ஒன்று பவர் சப்ளை. அதைத் திறந்து துடைத்துப் பார்க்கலாமே என்றேன். “சார், அதுக்குள்ள கெப்பாசிட்டர் இருக்கு. பிளக்கைப் புடுங்குன பொறவும் கரண்டைப் புடிச்சு வச்சிருக்கும். அதைத் தொறக்காதிய” என்றார். இன்னொன்று ஹார்ட் டிஸ்க். இதில் குற்றவாளி நானே. அவரிடம் கொண்டுபோவதற்கு முன்பே அதைக் கழற்றி, இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து, வெயிலில் வைத்து, அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டி ஓட்டிப் பார்த்திருந்தேன். ‘டிக், டிக்’ என்று மூன்று முறை சத்தம் வந்து அடங்கியது. ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமன்செய்யச் சிறு துவாரம் இருக்கிறது. தண்ணீர் அதன் வழியே உள்ளே போய்விடும். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டின்மேல் படிந்துவிடும். அந்த நிலையில் ஓடவிட்டால் படிக்கும் முனை தட்டைச் சுரண்டும். நனைந்த தட்டைக் காயவைக்கக்கூடாது, ஓட்டிப்பார்க்கவே கூடாது, ஈரத்தோடு உறையில் மூடி மீட்பவர்களிடம் அனுப்ப வேண்டும் என்பதை எல்லாம் முடிந்தபின் தெரிந்துகொண்டேன். அதில் என் கட்டுரைகள் இருந்தன. அவற்றை மற்ற நண்பர்களின் மின்னஞ்சல்களிலிருந்து திரட்டிவிட்டேன். திரட்ட முடியாத வேறு சிலவும் இருந்தன.

மதர்போர்டைக் காக்கா ஆல்கஹால் கொண்டு தூரிகையால் கழுவினார். நாலு நாள் மின்விசிறியடியில் வைத்தார். பயாஸுக்கான சின்ன பாட்டரியை மாற்றினார். புதிய பவர் சப்ளை 450 வாட், ஐநூறு ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று. இரண்டும் சேர்ந்து ஆறாயிரத்து ஐநூறு ரூபாய். பெட்டி எழுந்தது. எழுந்ததோடு மட்டுமல்ல, முன்பு ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வரலாம், இப்போது டம்ளரை எடுப்பதற்குள் தயாராக நின்றது. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரேயொரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே அந்தக் காரியம். இதை வெள்ளம் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் புகையில் உறைவது அப்படியே இருந்தது. புதுப் பெட்டி ஒன்று அனுப்புகிறேன் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றதற்கு, இதிலேயே சரி செய்யலாம் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இந்த வாக்கியத்தை இருவரும் முன்பு எங்கே கேட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

*

சரி, எதைச் சரி செய்வது? இங்கேதான் எனக்குப் பெட்டியைவிடப் பெரிய பாடம் இருந்தது. ஆட்டம் உறைகிறது என்றால் கிராஃபிக்ஸ் கார்டு பழசு, அதை மாற்று என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு கவிதை உறைகிறது என்றால் மொழி பழசு என்று நாம் சொல்லிவிடுவதைப் போல. அது மொழியின் கோளாறா, அனுபவமே இல்லாத கோளாறா, சொல்ல வந்ததைச் சொல்லத் தைரியமில்லாத கோளாறா என்று பிரித்துப் பார்க்க நமக்குப் பொறுமை கிடையாது. கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆட்டத்தின் திரைத் துல்லியத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். சித்திரம் சிறியதானால் கிராஃபிக்ஸ் கார்டின் சுமைதான் குறையும், பிராஸஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். வேகம் ஏறினால் குற்றம் கார்டுமேல். ஏறாவிட்டால் பிராஸஸர்மேல்.

நான் குறைத்துப் பார்த்தேன். சராசரி வேகம் நன்றாகவே ஏறிற்று. உறைவது நிற்கவில்லை. ஆக, இரண்டு பேர்மேலும் குற்றம்.

சராசரி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விநாடிக்கு 60 சித்திரங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. ஆனால் 59 சித்திரங்கள் அரை விநாடிக்குள் வந்துவிட்டு, அறுபதாவது மீதி அரை விநாடியை எடுத்துக்கொண்டாலும் சராசரி 60தான். அந்த அரை விநாடியில்தான் நான் சாகிறேன். இதனால் விஷயம் தெரிந்தவர்கள் சராசரியைப் பார்ப்பதில்லை, மிக மோசமான நூற்றிலொரு பங்கைத் தனியே எடுத்துப் பார்க்கிறார்கள். பதினோரு வருஷமாகச் சராசரி இருப்பு என்ற கணக்கை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களோடு மல்லாடும் எனக்கும், ஒரு வருஷ மழையை ஒரு நாளில் வாங்கிய இந்த ஊருக்கும் இது புதிய செய்தியாக இருந்திருக்கக்கூடாது.

மூன்றாவதாக ராம். 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் நினைவகத்துக்கும் பிராஸஸருக்கும் இடையே ஒரு பாதைதான் திறந்திருக்கும். அதேபோல இன்னொன்றைப் பக்கத்தில் செருகினால் இரண்டு பாதை. அளவும் இரட்டிக்கும், அகலமும் இரட்டிக்கும். பழைய டிடிஆர்3 என்பதால் விலையும் அற்பம். 2015இல் காசு மிச்சம்பிடிக்க ஒரு துண்டோடு நிறுத்தியது நான்தான். தம்பி அன்றே சொன்னான்.

முழுதாக மாற்றுவதையும் யோசிக்காமலில்லை. மாற்றினால் பிராஸஸர் மட்டும் போதாது. புதிய பிராஸஸருக்குப் புதிய மதர்போர்டு, புதிய மதர்போர்டுக்குப் புதிய ராம். 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போயின. அத்தோடு 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். என்னுடையது நாலாம் தலைமுறை. அதாவது, என் பெட்டி எதற்கும் ஆகாது என்று அறிவித்துவிட்டார்கள். நான் லினக்ஸைப் போட்டேன். காசில்லை. தமிழ்99இல் தட்டச்சு செய்ய முடிகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலும் ஓடும். எதற்கும் ஆகாத பெட்டியில்தான் இக்கட்டுரையும் எழுதப்படுகிறது.

*

நவம்பரில் ஓர் இரண்டாம் சனிக்கிழமை, சென்னை ரிச்சி தெரு. மனக்கணக்கு இருபதாயிரம் ரூபாய், அதில் ஆறரை முன்பே போய்விட்டது. மீதி பதிமூன்றரை. இந்தத் தொகைக்கு அறிவியல்பூர்வமான ஆதாரம் எதுவுமில்லை. அந்தப் பெட்டி மொத்தமாக எரிந்துபோனாலும் மனைவியிடம் நேர்முகமாகச் சொல்லக்கூடிய உச்சத் தொகை அது, அவ்வளவே.

பிராஸஸருக்கு அதே மதர்போர்டில் உட்காரும் ஐ7-4790, பழையது. நாலு கரு பழையதிலும் உண்டு, இதிலும் உண்டு. ஆனால் இதில் ஒவ்வொரு கருவும் இரண்டு இழை ஓட்டும். வேகமும் கூடுதல். இரண்டுக்கும் குறித்திருக்கும் வெப்பக் கணக்கு ஒரே 84 வாட் என்பதால் மற்ற எதையும் மாற்ற வேண்டியதில்லை. கார்டுக்கு ஜிடிஎக்ஸ் 1650. இதே விலைக்கு இன்னும் வலுவான 1060 தருகிறேன் என்றார் ஒரு கடைக்காரர். 1060 பாஸ்கல் வகை, 750 டிஐ மாக்ஸ்வெல் வகை. இரண்டுக்கும் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 1650 அதற்கு அடுத்த தலைமுறை. 75 வாட்டுக்குள் அடங்குவதால் பெரும்பாலும் தனி மின்கம்பியும் வேண்டாம். ஆதரவு முடிந்த பொருளின் வலு, ஓய்வு பெற்றவரின் செல்வாக்கு மாதிரி. அருகில் போனால்தான் தெரியும்.

இரண்டாம் கை கார்டு வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக்கூடாது. மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வேறு கார்டின் பெயரைச் சொல்லும்படி மாற்றி எழுதப்பட்ட போலிகள் உண்டு. மாதக்கணக்கில் இரவும் பகலும் கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்டவையும் உண்டு. நான் ஒரு கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். விசிறியின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன். கடைப் பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். கார்டு ஏழாயிரம், பிராஸஸர் ஐந்தரை, ராம் ஓராயிரம். சரியாகப் பதிமூன்றரை. பிராஸஸருக்குமேல் தடவும் பசையைக் காக்கா தன் கணக்கில் தடவிக்கொடுத்தார். பழைய பசை பத்து வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை தம்பி தனியாக வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் புகை எழும்பியது. உறையவில்லை. புகைக்குள் போய் மறுபுறம் வெளியே வந்தேன்.

“என்னண்ணே, உயிரோட வெளிய வந்துட்ட?”

சொன்னேன். ஒவ்வொன்றாக, விலையோடு சொன்னேன். ராம் விஷயத்தில் அவன் 2015இல் சொன்னதை நானே ஞாபகப்படுத்தினேன். அவன் சிரித்தான். பிறகு, “வீட்டையும் இப்படிப் பண்ணிருக்கலாம்னு சொல்லுதியா?” என்றான்.

இல்லை என்றேன். பொய். ஆனால் முழுப் பொய்யுமில்லை. இந்தப் பெட்டியை இத்தனை பிடிவாதமாக நான் பழுது பார்த்தது சிக்கனத்தினாலா, தோற்றுப்போன ஒரு வாதத்தைச் சின்ன அளவிலாவது ஜெயித்துக் காட்டவா என்று பல நாள் கேட்டுப்பார்த்திருக்கிறேன். திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனை இதற்குக் கிடையாது.

“பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிஞ்சிட்டியா?”

“இல்லை. மேஜை டிராயர்ல இருக்கு.”

“அப்பா பேசினது அதுலதானே.”

அதில்தான். 2016இல் ஒரு நாள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, வீட்டின் கதையை, எந்த உத்திரம் எங்கிருந்து வந்தது, சுவர் எழும்ப எத்தனை மாதமாயிற்று என்பதை நாற்பது நிமிஷம் சொன்னார். தம்பி போனில் பதிவு செய்து பெட்டியில் போட்டான். வேறு பிரதி கிடையாது. சென்னையில் தகவல் மீட்கும் இடம் ஒன்றில் விசாரித்திருந்தேன். முப்பத்தையாயிரம் ஆகும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பெட்டியின் மொத்தச் செலவைவிட அதிகம். நியாயமான செலவு என்று நான் போட்ட பட்டியலில் அது இடம்பெறவேயில்லை. எது உறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த நான், இரண்டு வருஷமாக அந்த டிராயரைத் திறக்காமலே இருந்திருக்கிறேன்.

தொகையைச் சொன்னேன்.

“பாதி நான் அனுப்புதேன்” என்றான்.

வேண்டாம் என்ற சொல் நாக்குவரை வந்தது. ஒரு சுற்று ஆடினோம். அதில் இருவருமே செத்தோம்.

“சரி, அனுப்பு” என்றேன்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தைய இரவு, திருச்செந்தூரிலிருந்து எழும்பூருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.